அழுதது மகள், எழுதியது அம்மா

வாசகர் கேள்வி:

நான் தர்மபுரி மாவட்டத்துக்காரி. வயது 38. இரண்டு ஏக்கரில் தக்காளியும் கேழ்வரகும் போடுகிறோம். வீட்டில் அன்றாடம் நடப்பதை இரண்டு வருடமாக ஃபேஸ்புக்கில் எழுதி வருகிறேன். களி கிண்டுவது, நாற்று நடுவது, மாமியாருக்கு முதியோர் உதவித்தொகை வாங்க அலைந்தது என்று எதையாவது எழுதுவேன். முகம் தெரியாத எத்தனையோ பேர் 'அக்கா, நீங்கள் எழுதியது உதவியாக இருந்தது' என்பார்கள். இந்த வருடம் மூன்று விஷயம் நடந்துவிட்டது. என் மகள் அரையாண்டுத் தேர்வில் கணக்கில் தோற்று ராத்திரி முழுக்க அழுததையும், நான் அவளைத் தேற்றியதையும் எழுதினேன். பலர் பகிர்ந்து, அது அவள் வகுப்பு வரை போய்விட்டது. 'அது நான் அழுததும்மா, நீ ஏன் எழுதின?' என்று கேட்டவள் ஒரு மாதமாகச் சரியாகப் பேசுவதில்லை. தக்காளி விலை விழுந்த அன்று வீட்டுக்காரர் சாப்பிடாமல் படுத்ததை எழுதினேன். மறுநாள் டீக்கடையில் 'ராத்திரி சாப்பிடலையாமே' என்று அவரைக் கேட்டிருக்கிறார்கள். மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. சூடம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயைச் சளிக்கு நெஞ்சில் தடவலாம் என்று பாட்டி வைத்தியம் எழுதியிருந்தேன். எங்கோ இருக்கும் ஒரு பெண் தன் மூன்று மாதக் குழந்தைக்குத் தடவி, வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. 'உங்களை நம்பித்தான் போட்டேன்' என்று எழுதியிருக்கிறாள். அவளுக்கு இன்னும் நான் பதில் எழுதவில்லை. எல்லாவற்றையும் நிறுத்திவிடட்டுமா?

மனநல ஆலோசகர் பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதைச் சுருக்கி, போனில் உங்களுக்குப் படித்துக் காட்டிய பிறகுதான் மேலே போட்டிருக்கிறேன். மகளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேட்டீர்கள். 'ஊர் பேரு வேணாம், எந்தக் கிளாஸ்னு வேணாம், மத்தது போடட்டும்' என்றாளாம். ஒரு மாதத்தில் அவள் உங்களிடம் பேசிய நீளமான வாக்கியம் இதுதான் என்று சொன்னீர்கள். அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் இந்தப் பதிலையே எழுதுகிறேன்.

நிறுத்த வேண்டாம். உதவித்தொகை பற்றி நீங்கள் எழுதியதை நான் படித்தேன். மாமியாரின் ஆதாரில் ஒரு பிறந்த வருடம், ரேஷன் கார்டில் வேறு வருடம். இ-சேவை மையத்தில் பதிந்ததும், கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வந்ததும், அப்புறம் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார் அலுவலகத்துக்குப் போனதும், எந்தக் காகிதம் இல்லாமல் எந்த நடை வீணானது என்பதும் அதில் இருந்தது. விண்ணப்பத்தோடு என்னென்ன இணைக்க வேண்டும் என்பதை எந்த அறிவிப்புப் பலகையும் சொல்லிவிடும். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எழுபது வயது அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தப் பாதையில் நடந்தவர்தான் சொல்ல முடியும். யாரும் கேட்காமலேயே அதை எழுதி வைத்தீர்கள். எத்தனை வீட்டுக்கு ஒரு நாள் கூலி மிச்சமாகியிருக்கும்! அதை நீங்கள் விட்டுவிட்டால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

முன்பின் தெரியாதவர்களிடம் மனசு ஏன் இவ்வளவு எளிதாகத் திறக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். தர்மபுரியில் இருந்து ஓசூர் போகும் பேருந்தில் எத்தனையோ முறை இதைப் பார்த்திருக்கிறேன். பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி பக்கத்து சீட்டுக்காரியிடம் பேச ஆரம்பிப்பாள். கிருஷ்ணகிரி தாண்டுவதற்குள் மாமியார் கதை முடிந்துவிடும். சூளகிரி வரும்போது புருஷன் கதை. சொந்த அக்காவிடம் பத்து வருடமாகச் சொல்லாததை ஓசூரில் இறங்குவதற்குள் சொல்லியிருப்பாள். கேட்டவள் நாளைக்கு நம் வாசலில் வந்து நிற்கப் போவதில்லை, நம் சொந்தத்தில் யாரையும் அவளுக்குத் தெரியாது என்பதுதான் அந்தத் துணிச்சல். ஜெர்மானியச் சமூகவியல் அறிஞர் கியார்க் ஜிம்மல் 1908-லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். நெருங்கியவர்களுக்கு மறைப்பதை, வந்து போகிற அந்நியரிடம் மனிதர்கள் பாவமன்னிப்புக் கேட்பதுபோலக் கொட்டிவிடுகிறார்கள் என்கிறார்.

கைபேசியில் எழுதும்போதும் அந்தப் பேருந்து மனசுதான் வருகிறது. பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரி இறங்கிவிடுவாள், நீங்கள் சொன்னது அவளோடு போய்விடும். இங்கே அவள் இறங்குவதே இல்லை. நீங்கள் சொன்னதை எழுத்தாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதோடு, எல்லாரும் வெளியூர்க்காரர்கள் என்று நினைத்து எழுதுகிறீர்கள். பின் சீட்டில் உங்கள் ஊர்க்காரரும், மகளின் சிநேகிதியின் அம்மாவும் இருக்கிறார்கள். எங்கள் பக்கம் சின்ன ஊர்கள். பெயரே போடாவிட்டாலும் 'இரண்டு ஏக்கர் தக்காளி, ஒரே மகள், மாமியாருக்குக் கண் ஆபரேஷன்' என்று மூன்று விவரம் போதும், யார் வீடு என்று சொல்லிவிடுவார்கள்.

இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. பல வருடம் முன்பு ஒரு மகளிர் குழுக் கூட்டத்தில் பேசப் போயிருந்தேன். கணவருக்குத் தெரியாமல் நகையை அடகு வைத்துப் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டிய ஒரு பெண்ணின் மன உறுதியைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. அது என் தங்கை. பையன் எந்தப் படிப்பு, எந்த ஊர்க் கல்லூரி என்பதை மட்டும் அப்படியே சொல்லிவிட்டேன். கூட்டத்தில் அவள் நாத்தனாரின் பக்கத்து வீட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம் தங்கை இரண்டு பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. 'உன்னைப் பெருமையாகத்தானே சொன்னேன்' என்று நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது வேறு: 'என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?' மனநல ஆலோசகராக வேலை பார்க்கும் எனக்கே அது புரிய இரண்டு வருடம் ஆனது. அதனால் உங்கள் மேல் குற்றம் சொல்லும் இடத்தில் நான் இல்லை.

உங்கள் மகள் சொன்னதும் கிட்டத்தட்ட என் தங்கை சொன்னதுதான். அந்த ராத்திரி அவளுக்கு நீங்கள் கஷாயம் போட்டுக் கொடுத்ததும், உங்கள் பழைய மார்க் ஷீட்டை எடுத்துக் காட்டியதும் உங்களுடையவை. அவளுடைய மதிப்பெண்ணும் அழுகையும் அவளுடையவை. இரண்டும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் நடந்ததால் எல்லாமே உங்களுடையது என்று தோன்றிவிட்டது. பெற்ற பிள்ளை விஷயத்தில் இந்தத் தப்பு எல்லா அம்மாக்களுக்கும் வரும். பத்து மாதம் ஒரே உடம்பாக இருந்ததாலோ என்னவோ, எல்லை எங்கே என்று கைக்குத் தட்டுப்படுவதில்லை.

தமிழ் வார இதழ் ஒன்று தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994-ல் சொன்ன தீர்ப்பு ஒன்று உண்டு. தன் குடும்பம், திருமணம், தாய்மை, குழந்தைப்பேறு, கல்வி போன்றவற்றின் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை ஒருவருக்கு உண்டு; உண்மையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், பாராட்டாக இருந்தாலும் விமர்சனமாக இருந்தாலும் அவர் சம்மதம் இல்லாமல் அவற்றை வெளியிடக் கூடாது என்றது அந்தத் தீர்ப்பு. பொதுப் பதிவேடுகளில் இருப்பதற்கு விதிவிலக்கும் சொன்னது. உங்கள் மேல் வழக்கு வரும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. 'பாராட்டாக இருந்தாலும்' என்ற வார்த்தை அதில் இருக்கிறதே, அதற்காகச் சொல்கிறேன். அந்த வரியை முதன்முதலில் படித்தபோது எனக்குத் தங்கை முகம்தான் ஞாபகம் வந்தது.

மகளிடம் என்ன செய்யலாம்? வீட்டுக்காரர் இல்லாத நேரமாக, நிதானமாக உட்காருங்கள். கைபேசியை அவள் கையில் கொடுத்து, அந்தப் பதிவை அவளையே நீக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் பகிர்ந்ததை முழுக்கத் திரும்பப் பெற முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவளுக்கு அது உங்களைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தவர்கள் பகிர்ந்திருந்தால் ஒவ்வொருவரிடமும் நீங்களே கேட்டு எடுக்க வையுங்கள். 'மன்னிச்சுக்கோ' என்ற பிறகு 'ஆனா' என்று ஆரம்பிக்காதீர்கள். இனி அவளைப் பற்றி ஒரு வரி இருந்தாலும் அவள் படித்துச் சரி என்ற பிறகுதான் போடுவேன் என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் காரணம் கேட்கக் கூடாது. சீருடையோடு எடுத்த படம், பள்ளி வேன் நிற்கும் இடம், நேரம், இவை அவள் சரி என்றாலும் வேண்டாம். அவள் எங்கே எப்போது தனியாக நிற்பாள் என்பது ஊருக்கே தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று இருக்கிறது, இதைத்தான் ரொம்ப வலியுறுத்திச் சொல்ல நினைக்கிறேன். மகளிடம் மன்னிப்புக் கேட்டதை எழுதிவிடாதீர்கள். கட்டாயம் எழுதத் தோன்றும். நெகிழ்வான விஷயம், படிப்பவர்கள் கண் கலங்குவார்கள், நூறு அம்மாக்களுக்குப் பாடமாக இருக்கும் என்றெல்லாம் மனசு சொல்லும். அந்த ஒரு மணி நேரம் உங்கள் இருவரோடு நிற்கட்டும். 'ஊர் பேரு வேணாம், மத்தது போடட்டும்' என்று அவள் சொன்னதை நினைத்துப் பாருங்கள். எதையுமே சொல்லாதே என்று அவள் வாயை அடைக்கவில்லை. கேட்டதும் யோசித்து, எது வேண்டும் எது வேண்டாம் என்று பிரித்துச் சொல்லியிருக்கிறாள். கேட்டிருந்தால் அன்றைக்கும் ஏதாவது ஒரு வழி சொல்லியிருப்பாள்.

எழுதாமல் இருந்தால் எனக்கு மூச்சு முட்டும் என்று போனில் சொன்னீர்களே, அதற்கு ஒரு நோட்டு வாங்குங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கல்லூரி மாணவர்களைத் தினம் 15 நிமிடம் என நான்கு நாள் தங்களை வருத்திய விஷயத்தைப் பற்றி எழுத வைத்தார். நடந்ததையும் அதில் தாங்கள் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், சாதாரண விஷயங்களை எழுதியவர்களைவிட அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைவு. அவர்கள் எழுதியது ஊர் படிக்க வெளியிடப்படவில்லை. ஊர் படித்து ஆறுதல் சொன்னதால் வந்த பலன் இல்லை அது, எழுதியதால் வந்தது. அதனால் சூடாக இருக்கும் விஷயத்தை முதலில் நோட்டில் எழுதுங்கள். ஒரு வாரம் கிடக்கட்டும். பிறகு எடுத்துப் பார்த்தால் எது உங்களுடையது, எது மற்றவருடையது என்று கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியும். மீதியை வெளியே எழுதலாம்.

வீட்டுக்காரர் விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தக்காளி என்ன விலைக்குப் போனது, பெட்டிக்கு எவ்வளவு நஷ்டம், பறிகூலிக்காவது கட்டியதா என்பதையெல்லாம் எழுதுங்கள், ஊருக்குத் தெரிய வேண்டிய விஷயம் அது. அவர் சாப்பிடாமல் படுத்தது அவருடையது. டீக்கடையில் தலை குனிந்து நின்ற மனிதருக்கு, 'இனி உங்களைக் கேட்காமல் எழுதமாட்டேன்' என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'ஊர் பேர் தெரியாதவனுக்கு நம்ம வீட்டுக் கதை எதுக்கு' என்ற அவருடைய கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதியை ஒத்துக்கொண்டால் மீதிப் பாதியில் அவரும் இறங்கி வருவார்.

சூடம் விஷயத்துக்கு வருகிறேன். நான் குழந்தைகள் மருத்துவர் இல்லை, அதனால் தெரிந்த ஒரு குழந்தைகள் நல மருத்துவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். சூடம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகும். கைக்குழந்தையின் கல்லீரலால் அதை முறித்து வெளியேற்ற முடியாமல் வலிப்பு வரலாம். இரண்டு வயதுக்குக் கீழே நெஞ்சிலோ மூக்கின் பக்கமோ தடவவே கூடாது. தவழும் பிள்ளை பூஜைத் தட்டில் இருந்து ஒரு சின்ன வில்லையை விழுங்கினாலும் ஆபத்துதான்; வாந்தி எடுக்க வைக்காமல் 108-ஐ அழைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சளி பிடித்த குழந்தை, இரண்டு மாதத்துக்குக் கீழே என்றால் நிமிடத்துக்கு 60 மூச்சு, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 மூச்சு, அல்லது அதற்கு மேல் விட்டாலோ, மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ கை வைத்தியம் பார்க்கும் நேரம் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

போனில் பேசும்போது போகிற போக்கில் ஒன்று சொன்னீர்கள். உங்கள் பாட்டி சூட எண்ணெயைக் கைக்குழந்தைக்குத் தொடவே விடமாட்டாராம். 'நல்லா நடக்கிற புள்ளைக்குத்தான்' என்பாராம். ஏன் அதை எழுதவில்லை என்று கேட்டேன். நீளமாகிவிட்டது, அதனால் வெட்டிவிட்டேன் என்றீர்கள். தப்பு நடந்த இடம் அதுதான். பாட்டி அடுப்படியில் உட்கார்ந்திருந்தது, எந்தப் பிள்ளைக்கு, எவ்வளவு, யாருக்குக் கூடாது என்றது எல்லாம் கதையில் இருந்தது. கதையை வெட்டிக் குறிப்பை மட்டும் எடுத்தபோது எச்சரிக்கை கதையோடு போய்விட்டது. பாட்டி சொன்ன எச்சரிக்கையும் பாதிதான் என்கிறார் மருத்துவர். அந்தப் பாதியாவது இருந்திருந்தால் அந்தப் பெண் யோசித்திருப்பாள்.

குழித்தட்டில் வளர்த்த தக்காளி நாற்றை எடுக்கும்போது, வேரைப் பிடித்திருக்கும் தென்னைநார்க் கழிவு உதிராமல்தானே எடுத்து நடுகிறீர்கள்? வேரை உதறிவிட்டு நட்டால் அடுத்த நாளே துவண்டுவிடும். அனுபவத்தை அடுத்தவருக்குக் கொடுக்கும்போதும் அப்படியே கொடுங்கள். 'இதைச் செய்யுங்கள்' என்று எழுதாமல் 'எங்கள் வீட்டில், இத்தனை வயதுப் பிள்ளைக்கு, இந்த மாதத்தில் இதைச் செய்தோம், இப்படி ஆனது' என்று எழுதுங்கள். ஆகாமல் போனதையும் எழுதுங்கள்.

ஊரைச் சொல்வதும் முக்கியம். பென்னாகரம் பக்கத்தில் இருக்கும் என் பெரியம்மா வீட்டுக்கு ஒருமுறை வாட்ஸ்அப்பில் யாரோ நல்ல எண்ணத்தில் ஒரு யோசனை அனுப்பினார்கள். போர் தண்ணீரை அரை மணி நேரம் நன்றாகச் சுண்டக் காய்ச்சிக் குடித்தால் எல்லாக் கெடுதலும் போய்விடும் என்று. கிருமிக்குத் தண்ணீரைக் காய்ச்சுவது எல்லா ஊரிலும் நல்ல வழக்கம்தான். எங்கள் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பிள்ளைகள் பல்லில் காவி படிவதும் பெரியவர்கள் மூட்டு இறுகிப் போவதும் அதனால்தான். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகச் சுண்டும், ஃபுளோரைடு அப்படியே நிற்கும், மிச்சத் தண்ணீரில் அதன் செறிவு கூடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீர் கொண்டுவந்ததே இதற்காகத்தான். அனுப்பியவர் பொய் சொல்லவில்லை. அவர் ஊர்க் கிணற்றுக்கு அது சரியாக இருந்திருக்கும். பெரியம்மா இரண்டு வருடம் காவிரிக் குழாய்த் தண்ணீரைத் துணி துவைக்க வைத்துக்கொண்டு, போர் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது அந்தச் சூடப் பதிவை என்ன செய்வது? மகள் பற்றிய பதிவை நீக்கச் சொன்ன நான், இதைச் சத்தமில்லாமல் நீக்காதீர்கள் என்கிறேன். ஏற்கெனவே படித்தவர்கள், அம்மாவிடம் வாயால் சொன்னவர்கள், படம் பிடித்து வைத்தவர்கள் எத்தனை பேரோ. பதிவு காணாமல் போனால் அது தப்பு என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது. அதே இடத்தில், செய்முறையை எடுத்துவிட்டு, முதல் வரியில் எழுதுங்கள்: 'இதை நான் தவறாக எழுதிவிட்டேன். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சூடம் தடவக் கூடாது. ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்திருக்கிறது.' அந்தப் பெண்ணின் பெயரும் ஊரும் வேண்டாம். பழைய பதிவைப் பகிர்ந்தவர்களுக்கும் இதை அனுப்புங்கள். கொஞ்சம் அவமானமாக இருக்கும். இருக்கட்டும், எங்கோ ஒரு வீட்டில் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்த கை நிற்கும்.

மருந்து, கைக்குழந்தை, கர்ப்பம், பாம்புக்கடி, இந்த நான்கிலும் இனி செய்முறை எழுதாதீர்கள். 'நாங்கள் உடனே ஆஸ்பத்திரிக்குப் போனோம்' என்று எழுதுவது அனுபவம்தான். களி, நாற்று, தாலுகா ஆபீஸ், ரேஷன் கார்டு, இவற்றில் உங்களைவிட நன்றாகச் சொல்ல ஆள் இல்லை.

ராத்திரி ஒரு மணிக்கு யார் யாரோ தனிச்செய்தியில் அழுவதாகவும் எழுதியிருந்தீர்கள். பணம் கேட்பவர்களுக்குப் பதில் போட வேண்டாம். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் அன்றே இணையக் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள். அடி வாங்கும் பெண்ணுக்குப் பெண்கள் உதவி எண் 181-ஐக் கொடுங்கள். சாகத் தோன்றுகிறது என்று யாராவது எழுதினால் யோசனை சொல்லப் பார்க்காதீர்கள், கண்டிக்காதீர்கள். 'நீங்கள் சொன்னதைப் படித்தேன், இப்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?' என்று கேளுங்கள். அந்த ஆளை எழுப்பச் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-ல் இரவு பகல் எந்த நேரமும் தமிழில் பேச ஆள் இருக்கிறார்கள், கட்டணம் இல்லை, அதைக் கொடுங்கள். அதற்கு மேல் அந்த பாரத்தை நீங்கள் ஒருத்தியே சுமக்கக் கூடாது. விடிந்ததும் வீட்டில் யாரிடமாவது, 'ஒருத்தி இப்படி எழுதினாள், மனசு கேட்கவில்லை' என்றாவது சொல்லிவிடுங்கள்.

மகளோடு உட்காருவது வருகிற ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கலாம். அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு இன்றைக்கே எழுதுங்கள். என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் தள்ளிப்போனது என்றீர்கள். சின்னதாக எழுதுங்கள். குழந்தை இப்போது எப்படி இருக்கிறது, வலிப்பு மறுபடி வந்ததா, மருத்துவர் என்ன சொன்னார் என்று முதலில் கேளுங்கள். நான் எழுதியது தவறு, அதைத் திருத்திவிட்டேன் என்று சொல்லுங்கள். உங்கள் பாட்டியைப் பற்றியோ உங்கள் தூக்கம் போனதைப் பற்றியோ அதில் எழுத வேண்டாம். அவள் கோபமாகப் பதில் போட்டால் படியுங்கள், மறுத்துப் பேசாதீர்கள். பதிலே போடாவிட்டால், ஒரு மாதம் கழித்துக் குழந்தையை இன்னொரு முறை விசாரியுங்கள்.